வயிற்றில் வைத்த கை

மும்தாஜின் மாமியார் அல்வாப் பெட்டியோடு ஓ.பி.க்குள் வந்தபோது, மும்தாஜின் ரத்தப் பரிசோதனை ரிசல்ட் என் கையில் இருந்தது. நெகட்டிவ். அதை அப்போதுதான் கேட்டுவிட்டு அவள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

தென்காசியில் குழந்தைப்பேறு சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் நான் சீனியர் நர்ஸ். ஊசி, ஸ்கேன், கூட்டம் எல்லாம் போதாதென்று மைண்ட்ஃபுல்னஸ் என்ற மூச்சுப் பயிற்சி வகுப்பும் என் தலையில் விழுந்தது. "பேஷண்ட்ஸ் ரொம்ப டென்ஷனா இருக்காங்க சிஸ்டர், நீங்களே எடுத்திருங்க" என்றார் டாக்டர். மதுரையில் ஒரு டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள். சலைன் பெட்டிகள் அடுக்கிய அறையில் பாய் விரித்து, கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து மூச்சு ஏறி இறங்குவதைக் கவனிக்கச் சொல்வேன். குற்றாலச் சீசன் என்றால் ஐந்தருவிக்குப் போகும் வேன்கள் ஹாரன் அடித்தே உயிரை வாங்கும். அதையும் கவனியுங்கள் என்பேன். கவனித்துக் கவனித்து எனக்குத்தான் தலைவலி.

மும்தாஜ் கடையநல்லூர்க்காரி. கணவருக்கு துபாயில் வேலை. அவர் லீவில் இருக்கும்போதே சிகிச்சை நடந்தாக வேண்டும். இந்த முறை கருவை உள்ளே வைத்த கையோடு அவர் விமானம் ஏறிவிட்டார். அதன்பின் ரிசல்ட்டுக்குக் காத்திருப்பதுதான் கொடுமை. "தூக்கமே வரமாட்டேங்குது சிஸ்டர்" என்றாள். பயிற்சியை வீட்டிலும் செய்யச் சொன்னேன்.

செய்திருக்கிறாள். காலைத் தொழுகை முடிந்ததும் கண்ணை மூடி, வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறாள். மாமியார் பார்த்துவிட்டார். நம் பக்கத்தில் ஒரு மருமகள் அப்படி உட்கார்ந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று சொல்லவா வேண்டும்? அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளை நின்றுவிட்டது என்று தெரு முழுக்கச் சொல்லி, மகனுக்கும் போன் போட்டுவிட்டார். டிரெய்னிங்கில் யாரும் இதை யோசிக்கவில்லை.

"எல்லாரும் எடுத்துக்கோங்க சிஸ்டர். அவ வாயத் தொறக்க மாட்டா. எனக்குத் தெரியும்லா" என்று பெட்டியை நீட்டினார் மாமியார்.

டாக்டரே சொல்லட்டும் என்று ஒதுங்கப் பார்த்தேன். அதற்குள் மும்தாஜ் எழுந்தாள்.

"மாமி, பிள்ள நிக்கல."

"அப்ப வயித்துல கைய வச்சுட்டு இருந்தியே?"

"மூச்சு விட்டுட்டு இருந்தேன் மாமி."

மாமியார் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அவன்ட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்" என்று அழுதார்.

"நான் சொல்லுதேன்" என்றாள் மும்தாஜ். அவள் அழவில்லை, எனக்குத்தான் தாங்கவில்லை. இத்தனை வருடம் ஆகியும் நெகட்டிவ் என்று சொல்ல எனக்குப் பழகவில்லை. அலுத்துத்தான் போயிருக்கிறது.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு பயிற்சியைச் சொல்லித்தரும் முன், அந்தப் பெண் அதை எந்த வீட்டில், யார் கண் முன்னால் செய்யப் போகிறாள் என்று கேளுங்கள். அடுத்த வகுப்பிலிருந்து நான் நெஞ்சில் கை வைக்கச் சொன்னேன்.

மும்தாஜ் சிகிச்சையை நிறுத்தியிருந்தாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். ஆனால் வகுப்புக்கு வந்தாள். எல்லோரும் நெஞ்சில் கை வைத்திருக்க, அவள் மட்டும் வயிற்றில் வைத்திருந்தாள். பக்கத்தில் போய், "நெஞ்சுல வைம்மா" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "இருக்கட்டும் சிஸ்டர். பிள்ள இல்லாட்டியும் இது என் வயிறுதானே."