உட்கூரை விளக்குகளைக் கழற்றிய நாள்

வெள்ளை விரிப்பின் மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சுண்ணாம்புச் சில்லு விழுந்து கிடந்தது. கட்டில் காலியாகத்தான் இருந்தது. அதில் இருந்த தாயையும் குழந்தையையும் காலையிலேயே பக்கத்து அறைக்கு மாற்றியிருந்தோம். ஏணி மேல் நின்ற வயர்மேன் பாய், கையில் பித்தளை வளையத்தோடு மேலே பார்த்தார், கீழே சில்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். விரிப்பை மாற்றுகிற சாக்கில் நான் குனிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மயிலாப்பூரில் ஒரு லேடி டாக்டர் நடத்திய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். ஆஸ்பத்திரி என்றால் ஒரு வக்கீலிடம் வாடகைக்கு எடுத்த வீடு, அவ்வளவுதான். மரச்சட்டம் அடித்துச் சுண்ணாம்புச் சாந்து பூசி, ஓரமெல்லாம் பூவேலை செய்த உட்கூரை ஒன்று கூடத்தில் உண்டு. அதற்குள் பதித்த ஆறு சீமை விளக்குகள். கூரை மட்டத்தில் ஒரு கண்ணாடி வட்டமும் அதைச் சுற்றிய வளையமும்தான் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்காரருக்கு அந்தக் கூரை பெற்ற பிள்ளை மாதிரி. தியாகராய நகரில் கட்டியிருந்த புது வீட்டுக்கு அந்த விளக்குகளைக் கொண்டுபோக ஆசைப்பட்டார். அந்த நாளில் அப்படிப்பட்டது கடையில் கிடைக்காது. "விளக்கு ஆறும் வரணும், கூரையில ஒரு கீறல் விழப்படாது" என்று பாயிடம் சொல்லிவிட்டார். அவருடைய வீடுகளுக்கும், அவர் பேச்சைக் கேட்டு மற்ற வக்கீல் வீடுகளுக்கும் பாய்தான் கரண்ட் வேலை பார்த்து வந்தார். வீட்டுக்காரர் முகம் சுளித்தால் அத்தனை வீட்டு வேலையும் போய்விடும்.

பாயின் வேலை சுத்தம். யாரும் சொல்லாமலே கை கழுவிவிட்டுத்தான் வார்டுக்குள் வருவார். முதலில் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் ஜேபியில் போட்டுக்கொள்வார். "இது என்கிட்ட இருந்தாத்தான் சிஸ்டர் எனக்கு உசிரு" என்பார். அன்றும் அப்படித்தான். கண்ணாடியை எடுத்தார், மூன்று திருகாணிகளைக் கழற்றினார், வளையத்தை இழுத்தார். தானாகக் கையோடு வரவேண்டிய வளையம், கூரையைப் பெயர்த்துக்கொண்டு வந்தது.

காரணம் எனக்குத் தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அவர் சொல்லியிருந்தார்: "பொங்கலுக்கு வெள்ளையடிக்கறப்போ வளையத்து மேல காகிதம் ஒட்டிடுங்க சிஸ்டர். சுண்ணாம்பு ஏறிச்சின்னா வளையமும் கூரையும் ஒண்ணாப் பூடும்." முதல் பொங்கலுக்கு ஒட்டினேன். அடுத்த வருஷம் பசை காய்ச்ச அலுப்பாக இருந்தது. பச்சை பூத்த பித்தளை வெள்ளை வார்டில் கண்ணை உறுத்தவும் செய்தது. "அதையும் சேர்த்து அடிச்சுடுப்பா" என்று வெள்ளையடிக்கிறவனிடம் சொல்லிவிட்டேன். வார்டு பளிச்சென்று இருக்கிறது என்று டாக்டரம்மா பாராட்டினார். அந்தப் பாராட்டுக்காகவே அடுத்த மூன்று பொங்கலுக்கும் அதையே செய்தேன்.

பாய் ஏணியை விட்டு இறங்கினார். டாக்டரம்மா கழித்துப்போட்ட அறுவைக் கத்தி ஒன்றைக் கேட்டு வாங்கினார். ஈரத்துணியை அடுத்த வளையத்தின் விளிம்பில் ஒற்றிக்கொண்டே இருந்தார். சுண்ணாம்பு ஊறி நிறம் மாறியதும், கத்தி நுனியை வளையத்தை ஒட்டி மெல்ல ஒரு சுற்றுக் கொண்டுவந்தார். இரண்டாம் சுற்றில் கத்தி இறங்கியது. வெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நாலு வெள்ளைப் படிவு தெரிந்ததை, ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நானே பார்த்தேன். திருகாணிகளை எடுத்துவிட்டு, ஒரு கையால் கூரையைத் தாங்கி, மறுகையால் வளையத்தைத் துளி திருப்பினார். டப்பா மூடி மாதிரி கழன்று வந்தது. மீதி ஐந்தும் அப்படியே வந்தன. ஒரு துகள்கூடக் கீழே விழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். நன்றாக வந்த ஐந்தை அவர் பார்க்கவே இல்லை. "அவ்வளவு தூரம் சொல்லியும் கூரையைப் பாழாக்கிட்டீரே! இனிமே நம்மாத்து வேலைக்கு நீர் வர வேண்டாம்" என்றார். "மொத வெளக்கு, தப்பாயிடுச்சு சார்" என்பதற்கு மேல் பாய் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டரம்மா பிரசவ அறைக்குள் இருந்தார். நான் மருந்துத் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த நர்ஸைக் கவனக்குறைவுக்காகத்தான் டாக்டரம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தார். என் வீட்டில் நாலு பேர் என்னை நம்பி இருந்தார்கள். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் நான் வாயைத் திறக்காதது கோழைத்தனம்தான்.

மறுநாளும் பாய் வந்தார். ஓட்டைகளுக்குத் தகர மூடி போட்டார். பெயர்ந்த இடத்தில் சாந்து வைத்து அடைத்தார். அதற்கடுத்த நாளும் வந்து, சாந்து காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். போகும்போது வாசலில் கொஞ்சம் நின்று, "வேற எதனா சொல்லணுமா சிஸ்டர்?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல பாய்" என்றேன்.

அதோடு மயிலாப்பூரில் அவரைப் பார்க்க முடியவில்லை. கோடம்பாக்கத்தில் ஏதோ ஸ்டூடியோவில் விளக்குத் தூக்குகிறார் என்று கேள்விப்பட்டேன். இரண்டு வருஷம் கழித்து அடையாறு பஸ்ஸில் எதிர்ப்பட்டார். வீட்டில் எல்லாரையும் விசாரித்தார். மனசு தாங்காமல் சொல்லிவிட்டேன்: "பாய், வளையத்து மேல வெள்ளையடிக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும் சிஸ்டர். கத்தி போட்டப்பவே தெரியும்."

"அப்போ ஏன் பாய் அவர்கிட்ட சொல்லலை?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் வந்து பாத்துக்கினு இருந்தேன். மூணாம் நாள்தான் கோடம்பாக்கம் போனேன்."