என்னிடம் உதை வாங்கியவர்

நெல்லையில் ஓர் ஆஸ்பத்திரியில், நோயாளிகளின் கை காலை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. ஒடிசலான ஆள், என்னில் பாதிதான் இருப்பார். பிடிப்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைப்பார். ஏனென்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எந்த இன்ஹேலருக்கும் அடங்காத ஆஸ்துமா எனக்கு. மூச்சுக்குழலில் பிரஷ் விட்டுக் கொஞ்சம் செல்களைச் சுரண்டி எடுத்து, ஸ்டீராய்டு மாத்திரைக்கு முன்பும் பின்பும் அவற்றில் எந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். வீரமாகத் தலையாட்டினேன். குழாய் தொண்டைக்குள் இறங்கியதும், கொலைதான் நடக்கிறது என்று முடிவுகட்டி அவர் விலாவில் ஓங்கி உதைத்தேன், முகத்தில் குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. மனிதர் பிடியை விடவில்லை.

இரண்டு வாரம் மாத்திரை விழுங்கிவிட்டு மறுபடி போனேன். அவர் உதட்டில் தழும்பு இருந்தது.

“அன்னைக்கு ஏன் அண்ணாச்சி சும்மா இருந்தீய?” என்றேன்.

“நீரு மிதிக்கது வரைக்கும் மூச்சு ஓடுதுன்னு அர்த்தம் வே. மிதி நின்னாத்தான் எனக்குப் பயம்.”

அவரைப் பயமுறுத்த வேண்டாமென்று இம்முறையும் தாராளமாகவே உதைத்தேன். மரபணு அறிக்கை வருமுன்பே, சுவரோரம் போய் விழுந்த இடத்தில் விலாவைத் தடவிக்கொண்டு, “மருந்து நல்லா வேலை செய்யுது வே” என்று முதலில் சொன்னவர் அவர்தான்.