கப்பலில் வந்த அம்மா

அக்காளிடம் பிள்ளையை விட்டுவிட்டுக் குவைத் போயிருந்த பக்கத்து வீட்டுப் பெண் திரும்பி வந்தாள். அவள் தூக்கியதும் மகன் விறைத்து அலறினான். திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை அத்தையிடம் விட்டுக் கொழும்பு போன அப்பாவும் அம்மாவும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பயந்து தூத்துக்குடி திரும்பியபோது எனக்கு நாலு வயது. துறைமுகத்தில் முகமறியாத ஒருத்தி என்னை வாரி இறுக்கினாள். கரிப்புகை நாறும் சேலையில் முகம் புதைந்து, "அத்தே, என்னைய விடச் சொல்லு!" என்று திமிறினேன்.

"ஏளா, அவதான் ஒன் அம்மா," என்றாள் அத்தை. பிடி இளகவில்லை.

அத்தை இருக்கும்வரை பிள்ளை ஒட்டாது என்று அப்பா அவளை மணப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார். சாத்திய கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்த பிறகு, அம்மா ஊட்டிய சோற்றைத் தின்றேன். "ஒட்டிக்கிட்டா, பாத்தியா!" என்று அப்பா சிரித்தார். எனக்கு வேறு யாரும் இல்லை.

எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் சொன்னேன்: "அவன ஒன் அக்கா மடியிலயே விடு, ஏளா. நீ பக்கத்துல உக்காரு. அவனா வருவான்."