கடலுக்கு முன் ஒரு வாளி

நோட்டில் நான்கு கட்டங்கள் போட்டிருந்தேன். அந்தமான், லட்சத்தீவு, மாலத்தீவு, தாய்லாந்து. ஒவ்வொன்றின் கீழும் விமானக் கட்டணம், தங்குமிடம், ஒருமுறை கடலுக்கடியில் மூழ்கி நீந்திப் பார்க்க எவ்வளவு, உடுப்பும் சிலிண்டரும் அதில் சேர்த்தியா, எந்த மாதம் தண்ணீர் தெளிவாக இருக்கும். மகள் பிறக்கும்வரை பள்ளியில் கணக்கு எடுத்தவள் நான். கட்டம் போடாமல் எதையும் யோசிக்க வராது. மாலத்தீவு திருவனந்தபுரத்திலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போகிற படகுக்கே தனியாக ஒரு பெரிய தொகை கேட்டார்கள். லட்சத்தீவுக்கு அனுமதி வாங்க வேண்டும். அந்தமானுக்குச் சென்னை போய்ச் சுற்ற வேண்டும். எங்கே போனாலும், கடலுக்குள் இறங்கிய பிறகு ஒரு நாள் கழித்துத்தான் விமானம் ஏறலாமாம். அதனால் எல்லாக் கட்டத்திலும் ஒரு நாள் கூடியது. மகளைப் பிரிந்திருக்கும் நாளும் ஒன்று கூடியது.

கடலுக்கடியில் நீந்தும் ஆசை கணவருடையது. அவர் அலுவலகத்தில் ஒருவர் அந்தமானில் ஆமைக்குப் பக்கத்தில் நீந்தும் படத்தை எல்லோருக்கும் அனுப்பியிருந்தார். அதிலிருந்து இவருக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

"இங்க ஆத்துல கால் வைக்க முடியுதா? அங்கன தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்குட்டி."

என்னால் மறுக்க முடியவில்லை. முந்தின ஆடியில் ஆற்றில் இறங்கியபோது, யாரோ தோஷம் கழிய ஆற்றோடு விட்டுப் போன சேலை தண்ணீருக்கடியில் என் கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. அந்த வழவழப்பு நினைவுக்கு வந்தால் இப்போதும் காலை உதறுகிறேன்.

ஆனால் படிக்கப் படிக்கக் கடலும் குமட்டியது. பவளத்தின்மேல் ஏறி நின்று சிரிக்கிறவர்கள். படகுக் கழிப்பறையைப் பற்றி ஒருவர் எழுதியிருந்த இரண்டு பத்திகள். எல்லாவற்றிலும் மோசம், போய்வந்த ஒரு பெண் எழுதியது: நீருக்கடியில் வாந்தி வந்தால் வாயில் கடித்திருக்கும் மூச்சுக்குழாய் ரப்பரைக் கழற்ற வேண்டாம், அதற்குள்ளேயே வாந்தி எடுத்துவிடலாம், மீன்கள் கூடிவந்து தின்னும், பார்க்க அழகாக இருக்கும் என்று. நான் லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்க் கை கழுவினேன். ஏன் கை கழுவினேன் என்று தெரியவில்லை.

முன்பணம் கட்டும் முன் பழகிப் பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு செய்தோம். ஊருக்கு வெளியே ஒரு நீச்சல்குளம். கடற்கரை ஊர்க்காரர் ஒருவர் சிலிண்டர்களை வேனில் ஏற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை வந்து சொல்லிக்கொடுக்கிறார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சிலுவை, வெயிலில் வெளுத்த புருவம். மகளைப் பாளையங்கோட்டையில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வெளியூர்ப் பயணத்தின்போதும் அவள் அங்கேதான் இருக்க வேண்டும். நான்கு வயது. அம்மாவை விட்டு இருப்பாளா என்பதற்கு இது ஓர் ஒத்திகை.

குளத்தில் பிளீச்சிங் பவுடர் நெடி. ஓரத்தில் யாருடைய விரலிலிருந்தோ கழன்ற பிளாஸ்டர் மிதந்தது. எங்களுக்கு முன் பழகிய நான்கு பேர் வாயிலிருந்த ரப்பரை உருவி, ஒரு நீல வாளியில் முக்கி எடுத்துக் கொடுத்தார்கள். நான்கும் ஒரே வாளித் தண்ணீர். அதன்மேல் மெல்லிய நுரை.

எங்கள் வீட்டில் தம்ளரில் உதடு படாது. அண்ணாந்துதான் குடிப்போம். மகள் கடித்துவிட்டுத் தந்த முறுக்கைக்கூடத் தின்னத் தயங்கியதுண்டு, அது தப்பு என்று தெரிந்தும்.

"டெட்டால் போட்டிருக்கு தங்கச்சி," என்றார் பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்து. "அப்பறம், நீச்சல் கண்ணாடிக்குள்ள துப்பித் தேச்சுக்கிடுங்க. இல்லன்னா பனி பிடிச்ச மாதிரி ஆயிரும்."

"துப்பணுமா?"

"ஒங்க எச்சிதான? ஊரான் எச்சியா?"

கணவர் சிரித்தார். நான் திரும்பி நின்று, யாரும் பார்க்காதபடி துப்பினேன்.

இறங்கும் முன் படிவம். எங்கள் வீட்டில் எந்தப் படிவமானாலும் நிரப்புவது நான்தான். ரேஷன் அட்டையிலிருந்து பாஸ்போர்ட் வரை. என் கையெழுத்து அச்சுப்போல இருக்கும் என்று மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். "ஒழுங்கா வாசிச்சுப் போடுங்க," என்று சொல்லிவிட்டுப் பயிற்சியாளர் சிலிண்டரைத் தூக்கப் போனார். இதய நோய், காது வலி, வலிப்பு. அடுத்தது ஆஸ்துமா.

கணவருக்குச் சிறுவயதிலிருந்தே அந்த மூச்சிழுப்பு உண்டு. அவர் குடும்பத்தில் அந்தச் சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். சளி என்பார்கள். பெண் பார்க்க வந்தபோதும் சளி என்றுகூடச் சொல்லவில்லை. கல்யாணமான இரண்டாம் வாரம், பீரோவில் வேட்டி மடிப்புக்குள் மருந்து உறிஞ்சும் பம்ப் இருந்ததை நானாகத்தான் கண்டேன். அழுதேன். பிறகு நானும் சளி என்று சொல்லப் பழகிவிட்டேன். மகளுக்கும் வந்தபோது, நாளைக்கு இவளைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே என்று மாமியார் சொன்னார். நான்கு வயதுக் குழந்தைக்கு. நான் தலையாட்டினேன்.

"சளிதான, இல்லன்னு போடு," என்றார் கணவர்.

இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டேன். நேரான, அழகான குறி.

ரப்பரைக் கடித்ததும் நாக்கில் டெட்டாலும் வேறு யாரோ ஒருவரின் வாய்ச்சுவையும் ஏறியது. இரண்டு நிமிடம் குளத்தின் தரையில் மண்டியிட்டிருந்தேன். மேலே வந்தபோது கணவர் இருமிக்கொண்டிருந்தார். இருமலின் முடிவில் அந்தச் சத்தம், பூனைக்குட்டி கத்துவதைப்போல. அவர் ஏறிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, துண்டால் முகத்தை மூடி, அதற்குள் பம்பை அடித்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றார் பயிற்சியாளர்.

"ஒண்ணுமில்ல. தண்ணி மூக்குல ஏறிட்டு."

"சரி, பைய வாங்க. அடுத்து ஆழத்துக்குப் போவோம்."

கணவர் சிலிண்டரை மறுபடி முதுகில் ஏற்றி, பெல்ட்டை மாட்டினார். நான் அதுவரை வாளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிலுள்ள நுரையைவிட என் கையால் போட்ட அந்தக் குறி அசிங்கமாகத் தோன்றியது.

"இவருக்கு இழுப்பு இருக்கு," என்றேன்.

"சளி," என்றார் கணவர்.

"இழுப்பு. பம்ப் அடிக்காவ."

"இல்லன்னு போட்டிருக்கே?"

"நாந்தான் போட்டேன்."

"மாதாவே," என்று பயிற்சியாளர் தலையில் கை வைத்தார். மறுபேச்சில்லாமல் கணவரின் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்றினார். "அண்ணாச்சி, கீழ வச்சு ஒங்களுக்கு மூச்சு அடைச்சா நான் என்ன செய்யுதது? டாக்டர் எழுதித் தந்தா வாங்க, சொல்லித்தாரேன். ஒங்க வெக்கத்துக்கு என்னையக் கொலகாரனாக்கப் பாக்கிய." பிறகு என்னைப் பார்த்தார். வாளியை நான் பார்த்த அதே பார்வை.

கணவர் காரை எடுத்தார். பாலம் தாண்டியதும், "நாலு பேருக்கு முன்னால அசிங்கப்படுத்திட்ட," என்றார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமோ? படிவத்தைக் கேட்டு வாங்கி, மெல்ல மாற்றிக் கொடுத்திருக்கலாமோ? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அக்கா வீட்டுக் கதவைத் திறந்ததும் சாம்பிராணிப் புகை.

"மத்தியானத்துல இருந்து இருமிக்கிட்டே கெடக்கா. சளிதானன்னு தலைக்கு ஊத்தி, நல்லாப் புகை போட்டுவிட்டேன்," என்றாள் அக்கா.

மகள் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கு விடைத்து விடைத்து அடங்கியது. என்னைப் பார்த்து அழக்கூட அவளுக்கு மூச்சில்லை. வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, கைப்பையின் அடியில் துணிக்குள் சுற்றி வைத்திருந்த அவளுடைய பம்பை எடுத்தேன். சிறு முகமூடியை மூக்கோடு சேர்த்துப் பிடித்து அடித்தேன். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும். கணவர் அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார். கால் மணி நேரத்தில் மூச்சு சீராகி, தண்ணீர் கேட்டாள்.

அக்கா அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளிக்கு எதுக்குட்டி இது?"

நான் கணவரைப் பார்க்கவில்லை. "சளி இல்லக்கா. இழுப்பு. இவ அப்பாவுக்கும் உண்டு."

அவள் முகம் சுளித்தது. என்னைத் தொட்டுக்கொண்டிருந்த கையை எடுத்துக்கொண்டாள்.

"எங்கிட்டயுமா? ஆறு நாள் பிள்ளைய எங்கிட்ட விட்டுட்டுப் போறேன்னு சொன்னியே. அதுக்கும் சளின்னு சொல்லிட்டுத்தான் போயிருப்ப, என்ன? நான் தெனமும் புகை போட்டுக் கொன்னிருப்பேனேட்டி."

 அவள் உள்ளே போய்ச் சாம்பிராணிக் கரண்டியைக் கொல்லையில் கொட்டிவிட்டு, எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டு வந்தாள். நாட்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து, பேனாவோடு என் மடியில் போட்டாள்.

"எது ஆகாது, எத்தன தடவ அடிக்கணும், எப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும். எல்லாத்தையும் எழுது. மேல சீக்கு பேரப் போடு."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தின் மேலே முதலில் அந்தச் சொல்லை எழுதினேன்.