கதவில் சாய்ந்து உட்கார்ந்தவர்

ஆரணியில் அத்தையின் கருமாதிக்குக் கூடிய நாங்கள் கலையும் முன்பே அந்த அம்மா வந்துவிட்டார். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு அலுவலகத்தில் வேலை. ஒல்லி உடம்பு, பாதி நரைத்த தலை. கதவைத் தாழிட்டு அதிலேயே சாய்ந்து உட்கார்ந்தார். எந்த வீட்டிலும் அப்படித்தானாம். முடிவு தெரியாமல் யாரும் நழுவக்கூடாது.

அத்தையின் மூளை வளர்ச்சி குன்றிய மகனை இனி யார் பார்ப்பது என்று கேட்டார்.

“அதான் நாங்க எல்லாரும் இருக்கோமே,” என்றார் பெரியப்பா.

“ஜல்தியா முடிங்க, கம்பெனி பஸ் போயிடும்,” என்றார் செய்யாறு சித்தப்பா.

“எல்லாரும்னா யாருங்க? இன்னிக்கே இவரை இட்டுகினு போறவங்க கை தூக்குங்க,” என்றார் அந்த அம்மா.

அத்தை மகன் மட்டும் சிரித்துக்கொண்டே கை தூக்கினான்.

அந்த அம்மா அவன் செருப்பைத் தேடி மாட்டிவிட்டார். கதவை அகலத் திறந்தார்.

“இவரு என்கூட காப்பகத்துக்கு வராரு. இப்ப நீங்க போலாங்க,” என்றார் எங்களிடம்.

அந்தக் குரலில் ஏன் கோபமே இல்லை என்று இன்றும் புரியவில்லை. பஸ் பிடிக்க வேண்டிய சித்தப்பாகூட எழவில்லை.