‘சரிங்க’ சொல்லாத ருக்மணி அத்தை

அன்று திங்கட்கிழமை. கொட்டகையில் உட்கார்ந்து சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் வேகமாக வந்த அம்மா, "ருக்மணி அத்தை போயிட்டாங்க கண்ணு" என்றார். "அதுக்குள்ள பஸ் வந்துருச்சா?" என்று கேட்டேன். திங்கட்கிழமை என்றால் அத்தை மனுவோடு திண்டுக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போவது வழக்கம். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பஸ்ஸுக்குப் புறப்படுவதற்கு முன் அத்தை மோட்டாரைப் போடப் போயிருக்கிறார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் அப்படியே சரிந்துவிட்டார். நல்ல சேலை கட்டியிருந்தார். உரச்சாக்கைத் தைத்துச் செய்த பை தோளிலேயே இருந்தது. அதற்குள் நான் முந்தின நாள் எழுதிக் கொடுத்த மனு மடிப்புக் கலையாமல் இருந்தது.

அத்தை எனக்கு உறவு இல்லை, எதிர் வீட்டுக்காரர். கீரனூருக்கும் தொப்பம்பட்டிக்கும் நடுவே உள்ள எங்கள் ஊரில், கணவர் இறந்த பிறகும் மூன்று ஏக்கரில் முருங்கையும் வெங்காயமும் தனியாகவே வைத்து நடத்தியவர். நாலு தோட்டம் தள்ளி நிற்கிறவரைச் சத்தம் போட்டு ஏசிவிட்டு, அதே மூச்சில் சாப்பிடக் கூப்பிடுவார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். அம்மாவுக்கு இடுப்பு முடியாமல் போனதால் தோட்ட வேலைக்கு வந்துவிட்டேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. "அம்மிணி, உன்ற வாயைச் சோத்துக்கு மட்டுந்தான் தொறப்பியாக்கும்?" என்று அத்தை கேலி செய்வார். கையெழுத்து மட்டும் நன்றாக இருக்கும். அதுவே வினையாகிவிட்டது.

ஒரு நாள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் நாலு பேர் வந்து ஊர்க் கூட்டம் போட்டார்கள். மண் பரிசோதனை என்றார்கள், சொட்டு நீர்க் குழாய் என்றார்கள். கடைசியில் ஒருவர் ஒரு தாளை வேகமாகப் படித்தார். ஒன்றும் விளங்கவில்லை. அவர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் எங்கள் ஆட்கள் "சரிங்க" என்றார்கள்.

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் ‘சரிங்க’ என்றால் சம்மதம் என்று ஆகிவிடாது. ஒருவர் பேசும்போது எதிரில் இருப்பவர் ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்லிக்கொண்டே இருப்பது மரியாதை. எழவு வீட்டில் உயிர் எப்படிப் போனது என்று சொல்லும்போதும் ‘சரிங்க’ என்றுதான் கேட்டுக்கொண்டிருப்போம்.

பிறகு, கூட்டத்துக்கு வந்த ஊர்க்காரர்கள் பெயர் எழுத ஒரு நோட்டுச் சுற்றி வந்தது. எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதினேன். ருக்மணி அத்தை பெயரையும் எழுதினேன். பக்கத்தில் அவர் கைநாட்டு வைத்தார்.

சில மாதம் கழித்து வரப்புகளில் சிவப்புச் சாயம் பூசிய கற்கள் முளைத்தன. கேட்டால் யாரும் பதில் சொல்லவில்லை. ஒரு வக்கீல் மூலம் எழுதிக் கேட்டு, கடைசியில் இரண்டு தாள் வந்தது. ‘நிலத்தைத் தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கு மாற்றுவது பற்றி விளக்கப்பட்டது. கலந்துகொண்டோர் அனைவரும் சரி என்று ஒப்புதல் தெரிவித்தனர்’ என்று முதல் தாளில் இருந்தது. இரண்டாவது தாளில் பெயர்கள், பாதிக்கு மேல் என் கையெழுத்தில். எந்தக் கம்பெனி, யார் யார் தோட்டம், எப்போது என்று சொல்லும் தாள்களைத் தரவில்லை.

அன்று முதல் ஊர் கட்டிப் போட்டதுபோல ஆகிவிட்டது. கிணற்றை ஆழப்படுத்த நினைத்தவர் பாதியில் நிறுத்தினார். தென்னங்கன்று வாங்கி வந்தவர் அதைக் குழியில் வைக்காமல் பையிலேயே தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார். வைத்தால் யாருக்கு என்று தெரியாது. வைக்காமல் விட்டால் ‘தரிசு’ என்று எழுதிவிடுவார்கள்.

நான் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன். ஒரு நாள் பால் ஊற்றப் போனபோது பால்காரர் மாமா, "வாங்க கலெக்டரம்மா! இன்னைக்கு யாரு காடு தோட்டத்தை எழுதிக் குடுக்கப் போறீங்க?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற ருக்மணி அத்தை பால் தூக்கை ணங்கென்று கீழே வைத்தார்.

"ஏனுங்க மாமா, பேரு எழுதுனது அவதான். முன்னால உக்காந்து மூச்சுக்கு மூச்சு சரிங்க சரிங்கன்னது ஆருங்க? நீங்களும் நானுந்தானுங்க? அந்தப் புள்ள வாயே தொறக்கலீங்க. அன்னைக்கு அத்தனை சனத்துல சம்மதம் சொல்லாத ஒரே ஆளு அவதானுங்க!"

மாமா சிரிப்பை நிறுத்திவிட்டுப் பாலை அளந்தார். வழியில் அத்தை என்னிடம், "அழுதது போதும். ஒரு மனு எழுது. அதே கையில எழுது, அவங்களுக்கு அடையாளம் தெரியட்டும்" என்றார்.

அன்றோடு அத்தை ‘சரிங்க’ சொல்வதை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக ‘கேட்டுக்கிட்டேனுங்க’ என்பார். ஒட்டன்சத்திரத்தில் இறங்கி மாறவேண்டும் என்று கண்டக்டர் சொன்னால், "கேட்டுக்கிட்டேனுங்க." கல்யாணப் பத்திரிகை வைத்து அவசியம் வரவேண்டும் என்றால், "கேட்டுக்கிட்டேனுங்க." அழைக்க வந்தவர்கள் முகம் சுருங்கிப் போவார்கள். "வருவியா மாட்டியா?" என்று சண்டை பிடித்தவர்களும் உண்டு. முதல் ஆளாகப் போய் நிற்பார், ஆனால் ‘சரிங்க’ மட்டும் வாயில் வராது.

திண்டுக்கல்லுக்கு இரண்டு முறை என்னையும் கூட்டிப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்து, மலைக்கோட்டை தெரிந்ததும் என்னை இடிப்பார். "இத்தனை வாட்டி வந்தும் அதும்மேல ஏறுனதில்ல அம்மிணி. நம்ம காடு நம்முளுதுன்னு காயிதம் வரட்டும், ஏறிப்போடலாம்."

அலுவலகத்தில் மனு வாங்கியவர் எரிச்சலோடு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஏம்மா, அப்படி ஒரு திட்டமே இல்லேங்கிறேன். வாராவாரம் வந்து நிக்கிறீங்களே?"

"இல்லீன்னா, இல்லீன்னு எழுதிக் குடுங்க சார்."

"அதெல்லாம் எழுதித் தர முடியாது."

"ஏனுங்க?"

"திட்டம் பத்தின விவரத்த வெளிய சொல்லக் கூடாதும்மா. அம்புட்டுத்தான். போய்ட்டு வாங்க."

"கேட்டுக்கிட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு அத்தை அங்கேயே நின்றார். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கிய பிறகுதான் நகர்ந்தார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவருக்கு மூச்சு வாங்கியது. இதயம் பலவீனமாக இருக்கிறது, அலையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவரிடமும் ‘கேட்டுக்கிட்டேனுங்க’தான். அந்த வார்த்தையை நினைத்து ஊரே சிரித்திருக்கிறோம். மருத்துவரிடமாவது ‘சரிங்க’ என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன்.

அத்தையைக் கிடத்தியிருந்தபோது, அன்று ஜீப்பில் வந்த நாலு பேரில் ஒருவர் மாலையோடு வந்தார். கும்பிட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அம்மா ரொம்ப அலைஞ்சுட்டாங்க. இனி யாரும் அலைய வேண்டாம். எல்லாத்தையும் நாங்க பாத்துக்கிறோம். நீங்க பொறுமையா இருங்க" என்றார்.

"சரிங்க" என்றோம்.

பழக்கம்தான். பால்காரர் மாமா சொன்னார், என் அம்மா சொன்னார். பள்ளிக்கூடக் கூட்டத்தில் வாயே திறக்காத நானும் சொன்னேன். சொன்ன பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அத்தை மட்டும் சொல்லவில்லை. வந்தவர் கைபேசியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டே ஜீப்புக்குப் போனார். என்ன குறித்தார் என்று தெரியாது.

அதனால் அத்தையின் காரியத்தன்று எல்லாருக்கும் கொடுக்கும் இந்தத் தாளிலேயே எழுதிவிடுகிறேன்: ருக்மணி அத்தையின் உடலுக்குப் பக்கத்தில் நின்று நாங்கள் சொன்ன ‘சரிங்க’ சம்மதம் அல்ல. இந்த முறை பெயர்களை நான் எழுதவில்லை. கீழே அவரவரே எழுதியிருக்கிறார்கள். எழுதத் தெரியாதவர்கள், நான் இதை இரண்டு முறை படித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வைத்தார்கள். முதல் கைநாட்டு பால்காரர் மாமாவுடையது.

போன திங்கட்கிழமை புல் அறுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்தின் பக்கம் நின்றிருந்தேன். பஸ் வந்து நின்றது. இறங்க ஆள் இல்லை, ஏறவும் ஆள் இல்லை. கண்டக்டர் விசில் ஊதாமல் எங்கள் தெருவையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அப்புறம்தான் ஊதினார். ஜன்னலோர இருக்கை காலியாகவே போனது.

அத்தை, நீங்கள் போய்விட்டீர்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

கேட்டுக்கிட்டேனுங்க.