மாவாட்டுகிற கை

குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் தென்காசியில் இருக்கும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் பெருகிவிடுவார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சீசனுக்கு, கரிசல்காட்டு ஊரான திருவேங்கடத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்கினார். வறண்ட ஊர்க்காரர்கள், அருவியைக் கண்டால் விடுவார்களா? காலையும் மாலையும் குளியல். குளித்தால் பசி. பசித்தால் தோசை. ஆட்டுரலில் நான்.

அப்போதுதான் நெஞ்சு வலி தொடங்கியது. கிணற்றில் தண்ணீர் இறைத்தால் நெஞ்சுக்கு நடுவே அம்மியைத் தூக்கி வைத்ததுபோல அழுத்தும். இடது கை விரல்வரை மரத்துப்போகும். கொஞ்சம் உட்கார்ந்தால் சரியாகிவிடும். சரியாகிவிடுவதால் யாரும் நம்பவில்லை.

"வாயுதான் ஏட்டி, இஞ்சிச் சாறு குடி" என்றார் நாத்தனார். பக்கத்து வீட்டுக்காரி இரத்தம் சுண்டிவிட்டது என்று முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்தாள். பலசரக்குக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் சுளுக்கு என்றார். எனக்கோ, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்று பயம்.

நான் நச்சரித்த பிறகு வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எந்தக் கை அண்ணாச்சி மரத்துப்போகுது?"

"மாவாட்டுத கைதான். வலது கை."

நான் வாயைத் திறப்பதற்குள் தசைப்பிடிப்பு என்று முடிவாகி, தைலமும் வந்துவிட்டது. வெளியே வந்து இடது கையைக் காட்டி, "மரத்தது இந்தக் கைங்க" என்றேன். "டாக்டரைவிட உனக்குத் தெரியுமோ?" என்றார். எரிச்சலாக வந்தது. வலிக்கிறது எனக்கு, பதில் சொல்வது அவர்!

அடுத்த வாரம் நாத்தனாரோடு ஐந்தருவிக்குப் போனேன். மேட்டில் ஏறும்போது அதே அழுத்தம். சாப்பாட்டுத் தூக்கு வலது கையில் இருந்தது. வெறுமனே தொங்கிக்கொண்டிருந்த இடது கைதான் மரத்தது. வழியோரக் கல்லில் வியர்த்துப்போய் உட்கார்ந்தேன். "வெறும் வயித்தோட வந்தா இப்படித்தான்" என்று நாத்தனார் முன்னால் போய்விட்டார்.

மறுநாள் டாக்டரிடம் நானே கிளம்பினேன். வீட்டுக்காரரும் கூட வந்தார். டாக்டர் முன்னால் அவர் தொண்டையைக் கனைத்ததும், "நீங்க சும்மா இருங்க" என்றேன். இரண்டு ஆண்களும் திகைத்துப்போனார்கள். இடது கை என்பதையும், நடந்தால் வருவதையும், உட்கார்ந்தால் போவதையும் சொன்னேன். நான் மாவாட்டுவதும் இடது கையால்தான் என்றேன்.

டாக்டர் இந்த முறை நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். வாயு பிடித்தாலும் நெஞ்சு வலிக்கும், கழுத்து நரம்பு அழுந்தினாலும் கை மரக்கும், ஆனால் மேடு ஏறினால் வந்து உட்கார்ந்தால் போகிற வலிக்கு இதயத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்றார். கையில் கோளாறே இல்லையாம். நாக்குக்கு அடியில் வைக்க மாத்திரை கொடுத்தார். திருநெல்வேலிக்குப் போய் மிஷினில் பார்க்கும்வரை மாவாட்டக் கூடாது, தண்ணீர் இறைக்கக் கூடாது. இதையும் என் வீட்டுக்காரரிடம்தான் சொன்னார்.

தெருவில் இறங்கியதும் என் வீட்டுக்காரர் நின்றுவிட்டார். "நீ பீச்சாங்கையாலயா ஆட்டுதே?"

கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சின்ன வயதில் அம்மா அடித்து அடித்துப் பழக்கியதால் பரிமாறுவதும் சாப்பிடுவதும் வலது கையால். அவர் பார்த்த கை அதுதான். ஆட்டுரல் பக்கம் அவர் வந்ததேயில்லை. இதயத்தில் கோளாறு என்றபோது வராத அழுகை அப்போது வந்தது.

வீட்டுக்கு வந்ததும் விவரம் கேட்ட நாத்தனாருக்கு முகம் வாடிவிட்டது. "ஐயையோ, அப்ப நாளைக்கு தோசைக்கு?"

நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் சொன்னார். "இனிமே வலது கையால மெதுவா ஆட்டிக்கிடுவா."

ஊறின அரிசி ஊறினபடியே கிடக்கட்டும் என்று உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.